கொச்சிச் சூரியனும் சென்னைக் காலண்டரும்

நம் சங்கத்தின் காலண்டர் அச்சுக்குப் போகும் காலம் வந்துவிட்டது. சென்ற செயற்குழுக் கூட்டத்தில், வழக்கம்போல் அட்டையின் அடிப்பகுதியில் ராகு காலம், எமகண்டம், குளிகை, ஹோரை அட்டவணைகளைப் போடுவதா என்ற பேச்சு எழுந்தது. பேச்சு என்றுகூடச் சொல்ல முடியாது. "போன வருஷம் மாதிரியே போட்டுடலாம்" என்றார் ஒரு நண்பர். எல்லோரும் தலையாட்டினார்கள். அடியேன் மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். "சார், நீங்க ஆரம்பிச்சா ராகு காலமே முடிஞ்சிடும்" என்று செயலாளர் சிரித்தார். அதற்குள் டீ வந்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை எழுத ஆசிரியர் இடம் கொடுத்திருக்கிறார். அவருக்கு நன்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் பகுத்தறிவுப் பிரசாரம் செய்ய வரவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கும் உண்டு, பஞ்சாங்கமும் உண்டு. அதே சமயம் நான் ஜோதிடனும் அல்லன். சிவில் டிப்ளமோ படித்து, முப்பத்தைந்து வருடம் தண்டவாளத்தின் மேல் நடந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது அளவும் கணக்கும்தான். என் வழக்கும் கணக்கு வழக்குதான். நாம் வருடா வருடம் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கும் அந்த அட்டவணை, கொச்சிக்குப் பொருந்தாத அட்டவணை.

ஹோரை என்பது என்ன என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை உள்ள ஒரு நாளை 24 பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஒரு கிரகத்துக்குக் கொடுத்தார்கள். வானத்தில் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை வரிசை: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். பிறகு மறுபடி சனி. ஞாயிற்றுக்கிழமை உதயத்தில் சூரிய ஹோரையில் தொடங்கி இதே வரிசையில் எண்ணிக்கொண்டு போனால், 24 ஹோரையும் முடிந்து மறுநாள் உதயத்தில் வருவது சந்திர ஹோரை. அன்று திங்கள்கிழமை. 24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. எனவே ஒவ்வொரு நாளும் வரிசையில் மூன்று இடம் தள்ளித் தொடங்குகிறது. திங்களிலிருந்து அதே மாதிரி எண்ணினால் செவ்வாய், பிறகு புதன், வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறுக்குப் பின் திங்கள் ஏன், திங்களுக்குப் பின் செவ்வாய் ஏன் என்பதற்கு இந்த மீதி மூன்றுதான் விடை. கிழமைகளின் வரிசையே ஹோரைக் கணக்கிலிருந்து வந்தது. 499-ல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தில் இந்த விதி இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால், 484-ஆம் ஆண்டைச் சேர்ந்த மத்தியப் பிரதேசத்து ஏரண் கல்வெட்டில் வியாழக்கிழமை குறிக்கப்பட்டிருக்கிறது.

ஹோரை என்ற சொல் கிரேக்கச் சொல். ஆங்கிலேயரின் 'ஹவர்' அதன் சொந்தக்காரன். 'அகோராத்ர' என்பதில் தலையையும் வாலையும் வெட்டி எடுத்த சொல் என்று நம்மவர் சொல்வதும் உண்டு. தொல்காப்பியத்தில் 'ஓரை' என்று வருகிறதே, அது இதுதானா என்று புலவர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லத் தகுதியற்றவன். வந்தது எங்கிருந்தாக இருந்தாலும், கணக்கு அழகான கணக்கு. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு ரயில் பயணத்தில் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து, சரியாக வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

ராகு காலம் இந்த வரிசையில் சேராது. ராகுவுக்குக் கிழமையும் இல்லை, ஹோரையும் இல்லை. பகல் பொழுதை எட்டாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கை அவருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். திங்களன்று இரண்டாம் பங்கு, சனியன்று மூன்றாவது, வெள்ளியன்று நான்காவது, புதனன்று ஐந்தாவது, வியாழனன்று ஆறாவது, செவ்வாயன்று ஏழாவது, ஞாயிறன்று எட்டாவது. எமகண்டமும் குளிகையும் அதே எட்டில் வேறு வேறு பங்குகள்.

கவனியுங்கள். ஹோரையானாலும் ராகு காலமானாலும் கணக்கு தொடங்குவது உதயத்தில். கடிகாரத்தின் ஆறு மணியில் அல்ல. இந்த விதிகள் பிறந்தபோது கடிகாரமே கிடையாது. நாழிகை வட்டிலும் நிழலும்தான். உதயம் 6 மணி, அஸ்தமனம் 6 மணி என்று ஒரு சராசரி நாளை எடுத்துக்கொண்டு, ஆறிலிருந்து ஏழு இந்த ஹோரை, ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம் என்று போட்டது நாள்காட்டிக்காரர்களின் வசதிக்காக. பஞ்சாங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதில் 'அகசு' என்று அந்தந்த நாளின் பகல் பொழுது எத்தனை நாழிகை என்பதைப் போட்டிருப்பார்கள். தினமும் கிழிக்கிற சிவகாசிக் காலண்டரின் சிறிய தாளில் அகசுக்கு இடமில்லை. அது உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதைத்தான் நாம் சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி நம் ஊர்க் கணக்கு. இந்திய நேரம் என்பது 82½ பாகை கிழக்கு நெட்டாங்கில், உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகச் செல்லும் கோட்டின் நேரம். போர்ட் கொச்சி இருப்பது ஏறக்குறைய 76¼ பாகையில். வித்தியாசம் ஆறேகால் பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் 25 நிமிடம். கிட்டத்தட்ட ஒரு நாழிகை! சென்னைக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் 9 நிமிடம்தான். எனவே கொச்சியின் நண்பகல் சென்னையின் நண்பகலுக்கு 16 நிமிடம் பிந்தி வருகிறது.

அதனால் என்ன ஆகிறது? மே மாதக் கடைசியில் சென்னையில் சூரியன் 5.45-க்குள் எழுந்துவிடும். கொச்சியில் ஆண்டு முழுவதும் பார்த்தாலும் ஆறு மணிக்கு முன் சூரியன் உதிக்கிற நாள் ஒன்றுகூட இல்லை. மிகவும் முந்தினால் மே கடைசியில் 6.03. மிகவும் பிந்தினால் பிப்ரவரி தொடக்கத்தில் 6.47. அதாவது காலண்டர் சொல்லும் 'ஆறு மணி உதயம்' நமக்கு மூன்று நிமிடம் முதல் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வரை பிசகுகிறது.

ஒரு உதாரணம். பிப்ரவரி முதல் வாரத்து வியாழக்கிழமை. காலண்டரில் காலை 6 முதல் 7 வரை குரு ஹோரை. ஒருவர் 6.20-க்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கணக்குப் புத்தகத்தில் பிள்ளையார் சுழி போடுகிறார். வெளியே இருட்டு. உதயமே ஆகவில்லை. சாஸ்திரப்படி அது இன்னும் புதன்கிழமை இரவு. புதன்கிழமையின் 24-ஆவது ஹோரை எது என்று எண்ணிப் பாருங்கள்: சனி! குருவைத் தேடிப் போனவர் சனியின் வாசலில் நிற்கிறார். நம்புகிறவருக்கு இது சிரிக்கிற விஷயம் அல்ல. நம்பாதவருக்கு இந்த அட்டவணையே வேண்டாம். அப்படியானால் நாம் யாருக்காக இதை அச்சடிக்கிறோம்?

ரயில்வேக்காரனுக்கு இந்த உள்ளூர் நேரத் தகராறு புதிதல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் ஊருக்கு ஊர் ஒரு நேரம். பம்பாய்க்கு ஒன்று, கல்கத்தாவுக்கு ஒன்று. ரயில் ஓட ஆரம்பித்ததும் இது சரிப்படவில்லை. சென்னை நுங்கம்பாக்கத்து வானியல் கூடத்தில் 1802-ல் கோல்டிங்காம் என்பவர் கணித்து வைத்த சென்னை நேரத்தை, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது, ரயில்வேக்கள் தங்கள் பொது நேரமாக எடுத்துக்கொண்டன. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் 1906 ஜனவரி 1-ல் தான் வந்தது. ரயிலுக்கு ஒரே நேரம் இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வரும். ஆனால் சூரியனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரயில் நேரத்தைக் கையில் கட்டிக்கொண்டு சூரிய காரியம் பார்க்கப் போனதுதான் நம் தவறு.

நாம் குடியிருக்கும் தெருக்களையே பாருங்கள். மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில், 1568-ல் எழுந்த பரதேசி சினகாக்கை ஒட்டி, 1760-ல் கட்டிய மணிக்கூண்டு நிற்கிறது. அதன் ஒரு முகத்தில் ரோமன் எண்கள், இன்னொரு முகத்தில் ஹீப்ரு எண்கள். யூதர்களும் உதயம் முதல் அஸ்தமனம் வரை பகலைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு அதைக்கொண்டு பிரார்த்தனை நேரம் கணக்கிடுவார்கள். நம் பகல் ஹோரையின் அளவு அதேதான். அவர்களுடைய ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை அஸ்தமனத்தில் தொடங்கும். எந்த ஊர் அஸ்தமனம்? ஜெருசலேம் அல்ல. இருக்கும் ஊர். இன்று அந்தத் தெருவில் யூதர்கள் ஏறக்குறைய யாருமே இல்லை என்பது வேறு கதை. பள்ளிவாசல்களிலும் அப்படியே. தொழுகை நேரம் கொச்சிச் சூரியனைப் பார்த்து, தினம் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் மாறிக்கொண்டே வரும். மக்காவின் அட்டவணையை யாரும் இங்கே சுவரில் ஒட்டுவதில்லை.

குஜராத்தி ரோட்டில் உள்ள வியாபாரிகளைக் கேளுங்கள். அவர்களுக்குச் 'சோகடியா' என்று ஒன்று உண்டு. பகலை எட்டாகப் பங்கிடுவது, நம் கௌரி பஞ்சாங்கம் மாதிரி. உத்வேக், சர், லாப், அம்ருத், கால், சுப், ரோக் என்று பெயர்கள். ஞாயிறன்று இந்த வரிசையில் வரும். ஒவ்வொன்றுக்கும் உரிய கிரகத்தைப் போட்டுப் பார்த்தால் சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். நம் ஹோரை வரிசையேதான்! தீபாவளிக்குப் புதுக் கணக்குப் புத்தகம் பூஜை செய்ய அவர்கள் சோகடியா பார்ப்பார்கள். எனக்குப் பழக்கமான ஒரு மளிகை மொத்த வியாபாரி, முந்நூறு வருடமாக இங்கே இருக்கிறோம் என்று பெருமை பேசுகிறவர், உதய நேரத்தைப் பார்த்து நிமிடக் கணக்காகக் குறித்து வைத்திருந்தார். "உங்கள் ஊர் ஆறு மணிக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை" என்றார் என்னிடம். எனக்குப் பதில் இல்லை.

மலையாளிகளிடம் வேறு ஒரு சங்கதி. நாம் குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்று அந்த நேரத்தில் நகை வாங்குகிறோம். இங்கே குளிகன் என்றாலே அஞ்சுகிறார்கள். அடுத்தடுத்த வீட்டில் ஒரே ஒன்றரை மணி நேரம், ஒருவருக்கு லாபம், ஒருவருக்குப் பயம். இதை விளக்கச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள்.

வேலையில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1991-ல் ஷொர்ணூருக்கு வடக்கே தண்டவாளம் மாற்றும் பணி. கண்ட்ரோலில் கெஞ்சிக் கேட்டு வாங்கிய லைன் பிளாக், ஒரு மே மாதத்துப் புதன்கிழமை பகல் 12 முதல் 1.30 வரை. அச்சாக ராகு காலம்! கேங் மேட் சேலத்துப் பக்கத்துக்காரர். பழுத்த அனுபவசாலி. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என்னிடம் மெல்ல வந்து, "சார், இப்பவே ஒரே ஒரு போல்ட்டைக் கழட்டிட்டோம்னா, ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும்" என்றார். எனக்கு ரத்தம் உறைந்துவிட்டது. பிளாக் வருவதற்கு முன் போல்ட்டில் கை வைப்பதா? கடைசி வண்டி இன்னும் கடக்கவில்லை. "ஸ்பானரை எடுத்துத் தண்டவாளத்து மேலே தொட்டு எடுத்துக்குங்க, அது போதும்" என்றேன். அவரும் அப்படியே செய்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேலை 1.20-க்கு முடிந்தது.

பல வருடம் கழித்துத்தான் கணக்குப் போட்டேன். புதன்கிழமை ராகு காலம் ஐந்தாம் பங்கு. அதாவது சரியாக உச்சி நேரத்தில் தொடங்குவது. ஷொர்ணூரில் மே மாதத்தில் உச்சி வருவது 12.21 வாக்கில். நாங்கள் ஸ்பானரைத் தொட்டு எடுத்திருக்கவே வேண்டாம். பன்னிரண்டுக்கு போல்ட் கழற்றியபோது ராகு காலத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஒரு கம்பை நட்டு நிழலைப் பார்த்திருந்தால் மேட்டுக்கே தெரிந்திருக்கும்.

இதுவரை எழுதியது கணக்கு. இனி எழுதப் போவதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அக்காவிடம் கேட்டேன். "எழுது, நாலு பேருக்காவது ஆகட்டும்" என்றாள்.

2014 பிப்ரவரி முதல் வாரம். வெள்ளிக்கிழமை. அக்காவும் அத்தானும் திருநெல்வேலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் அன்று விடுப்பில் இருந்தேன். காலை பத்தேகாலுக்கு அத்தான் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. வாயு என்றார். வெந்நீர் கொடுத்தோம். பத்தரை ஆகிவிட்டது. எர்ணாகுளம் போய் விடலாம் என்று நான் சட்டையைப் போட்டேன். அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "இப்பத்தான் ராகு காலம் ஆரம்பிச்சிருக்கு. பன்னிரண்டு மணி ஆகட்டும். இப்ப வலி கொஞ்சம் தேவலைன்னுதானே சொல்றாங்க" என்றாள். அத்தானும் கையைக் காட்டி, இருக்கட்டும் என்பதுபோல் சைகை செய்தார். நான் அப்போதே வண்டி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மூத்தவள் பேச்சை, அதுவும் அவள் புருஷன் விஷயத்தில், எப்படி மீறுவது என்று இருந்துவிட்டேன். முப்பது வருடம் ரயில்வேயில் அபாய அறிவிப்பைப் பார்த்தவுடன் வண்டியை நிறுத்தப் பழகியவன், வீட்டுக்குள் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டு மூன்றுக்கு டாக்சி கிளம்பியது. வெள்ளிக்கிழமை நண்பகல். ஜும்மா தொழுகைக் கூட்டம், தோப்பும்படிப் பாலத்தில் நெரிசல். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி ஒன்றுக்கு ஐந்து நிமிடம். டாக்டர் முதலில் கேட்டது, "வலி எப்போது ஆரம்பித்தது?" பத்தேகால் என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?" என்றார். ராகு காலத்துக்கு மலையாளத்திலும் ராகு காலம் என்றுதான் பெயர். ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை. அத்தான் அன்று இரவு ஒன்பது மணிக்குப் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, தூக்கம் வராத ஓர் இரவில் காகிதத்தை எடுத்தேன். அன்றைய கொச்சி உதயம் 6.47, அஸ்தமனம் 6.31. பகல் 11 மணி 44 நிமிடம். எட்டில் ஒரு பங்கு 88 நிமிடம். வெள்ளிக்கிழமைக்கு நான்காம் பங்கு. 11.11-க்குத் தொடங்கி 12.39-க்கு முடிகிறது. அதாவது, நான் சட்டையைப் போட்ட பத்தரை மணிக்கு ராகு காலம் இல்லை. அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்து நாங்கள் கிளம்பிய 12.03, ராகு காலத்தின் நட்ட நடு.

நான் என்ன சொல்ல வருகிறேன் என்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அத்தானை ராகு கொல்லவில்லை. உடனே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் எனக்கு எழுதிக் கொடுக்கவும் இல்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டே போகும் என்பது மருத்துவம். அந்த நிமிடங்களில் ஒன்றரை மணி நேரத்தை நாங்கள் ஒரு தாளுக்குக் கொடுத்தோம். அந்தத் தாள் தன் சொந்த சாஸ்திரத்தின்படியே தப்பு. இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதை அக்காவிடம் இரண்டு வருடம் சொல்லவில்லை. சொன்னபோது அவள் அழவில்லை. காலண்டரைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். "நாள் பார்க்கிறது நல்ல காரியத்துக்குத்தானே, ஆபத்துக்கு இல்லைன்னு அம்மா சொல்லுவா. அன்னைக்கு எனக்கு அது நினைவு வரலை" என்றாள்.

பெரியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தாம். ரயில் பயணத்துக்கே ஒரு வழி வைத்திருந்தார்களே. ரயில் ராகு காலத்தில் புறப்படுகிறதென்றால், நல்ல நேரத்திலேயே பெட்டியைக் கொண்டுபோய் எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ரயிலும் தப்பாது, சாஸ்திரமும் தப்பாது. இந்த நெளிவு சுளிவெல்லாம் போய், வெளியூரில் இருக்கும் நம் கையில் விறைத்துப்போன அட்டவணை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்கள் வழக்கத்தை ஊரில் இருப்பவர்களைவிட இறுக்கிப் பிடிப்பார்கள். நானும் அப்படித்தான்.

எல்லோரும் சொல்லும் ஒரு சமாதானம், "முன்னோர் வகுத்ததை மாற்ற நாம் யார்?" என்பது. முன்னோர் மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள், அதுவும் நாம் குடியேறிய இதே கேரளத்தில். கணக்கும் கண்ணால் காணும் வானமும் ஒத்துவரவில்லை என்று 683-ல் ஹரிதத்தர் பரஹிதம் என்ற முறையைக் கொண்டுவந்தார். திருநாவாயாவில் மாமாங்கக் கூட்டத்தில் அதை அறிவித்ததாக மரபு. அந்த ஸ்டேஷன் வழியே நான் எத்தனையோ முறை டிராலியில் போயிருக்கிறேன். எழுநூறு எண்ணூறு வருடத்தில் அதுவும் பிசகியது. பாரதப்புழைக் கரையில் வாழ்ந்த பரமேசுவரர், ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்து, 1431-ல் திருக்கணிதத்தை அமைத்தார். அவர் நாஸ்திகர் அல்லர். வானத்தோடு ஒத்துப் போகாத கணக்கு சாஸ்திரம் ஆகாது என்று நினைத்தவர்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். புது வீட்டில் பால் காய்ச்ச வெள்ளிக்கிழமை காலை 6.15, சுக்கிர ஹோரை என்று என் மனைவியே இங்கிருந்து குறித்துக் கொடுத்தாள். சிங்கப்பூரில் 1982 முதல் கடிகாரம் அதன் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே முந்தி ஓடுகிறது. அங்கே உதயமே ஏழு மணி வாக்கில். வீடியோவில் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரம் தெரிகிறது. "என்னங்க, அங்கே இன்னும் விடியலை போலிருக்கே" என்றாள் மனைவி. அது வியாழக்கிழமையின் கடைசி ஹோரை, சூரியனுடையது என்று சொல்ல வாய் வந்தது. பால் பொங்கிவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டேன்.

லண்டனில் ஜூன் மாதம் சூரியன் 4.43-க்கு எழுந்து இரவு 9.21-க்கு விழுகிறது. அங்கே பகல் ஹோரை 83 நிமிடம், இரவு ஹோரை 37 நிமிடம், ராகு காலம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் அதே ராகு காலம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நார்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலைகளுக்குப் போய்க் குடியேறிய இலங்கைத் தமிழர்களின் ஊர்களில் கோடையில் இரண்டு மாதம் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. அங்கே எதை எட்டால் வகுப்பது? இலங்கையிலேயே மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே கொண்டுவந்தார்கள். பத்து வருடம் ராகு என்ன செய்திருப்பார், பாவம்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. ஒன்று, அந்த அட்டவணையை எடுத்துவிடலாம். அந்த இடத்தில் ஆம்புலன்ஸ் எண் 108-ஐயும், நம் சங்கத்தில் அவசரத்துக்கு வண்டி கொடுக்கக்கூடிய அன்பர்களின் எண்களையும் பெரிய எழுத்தில் போடலாம். எனக்கு இதுதான் விருப்பம். ஆனால் இது நிறைவேறாது என்று எனக்குத் தெரியும். அட்டவணை இல்லாத காலண்டரை நம் வீட்டுப் பெண்கள் வாங்க மாட்டார்கள், ஆண்களும்தான், சொல்லிக்கொள்ள மாட்டார்களே தவிர. அப்படியானால் கொச்சி உதயத்துக்குப் போட்ட அட்டவணையைப் போடுவோம். மாதத்துக்கு இரண்டு வரி போதும். பதினைந்து நாளில் உதயம் பெரிதாக மாறுவதில்லை. கையால் கணக்குப் போட்டு இருபத்து நான்கு வரியும் தயார் செய்து வைத்திருக்கிறேன். கைபேசியில் ஊரைச் சொன்னால் தானே கணக்கிட்டுத் தரும் செயலிகள் இருக்கின்றனவே என்பார்கள் இளைஞர்கள். உண்மை. ஆனால் நம்மில் பலருடைய கைபேசியில் ஊர் என்ற இடத்தில் இன்னும் சென்னை என்றுதான் இருக்கிறது. இன்று மாலையே எடுத்துப் பாருங்கள். அட்டவணைக்கு அடியில் ஒரே ஒரு வரியும் சேர்க்க வேண்டும்: நோய்க்கும் விபத்துக்கும் பிரசவத்துக்கும் இது பொருந்தாது. இந்த வரி இல்லாமல் போடுவதாக இருந்தால் என் அட்டவணையைத் தர மாட்டேன்.

இதை எழுதி முடித்த பிறகு ஒன்று தோன்றியது. நம் சங்கத்தின் கூட்டங்கள், பொங்கல் விழா, பிள்ளைகளின் பேச்சுப் போட்டி, எல்லாமே வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத்தான் தொடங்குகின்றன. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை என்ன என்று காலண்டரில் அச்சடித்துக் கொடுப்பவர்கள் நாமேதான். இத்தனை வருடத்தில் யாரும் வாயைத் திறந்ததில்லை. விடுமுறை அன்றுதானே. அடுத்த செயற்குழுக் கூட்டமும் ஞாயிறு ஐந்து மணிக்கு என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அட்டவணையை எடுத்துக்கொண்டு வருகிறேன்.